56 ஏ.பி.ஓ.-வுக்கு எழுதிய கடிதங்கள்

பெங்களூருக்குள் எதிரிப் படை கடைசியாக நுழைந்தது 1791 மார்ச் மாதம். கார்ன்வாலிஸின் சிப்பாய்கள் திப்புவின் கோட்டைச் சுவரைப் பீரங்கியால் உடைத்து உள்ளே வந்தார்கள். அதன் பிறகு இந்த ஊருக்குப் போர் வந்ததில்லை. போர்ப் பயம் மட்டும் தலைமுறைக்கு ஒரு தடவை வரும், சில வாரம் தங்கும், சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். எங்களுக்கு அது 1971 டிசம்பரில் வந்தது.

அப்போது அல்சூரில் குடியிருந்தோம். சோமேஸ்வரர் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். நடுவில் முற்றம், சுற்றி ஓட்டு வீடுகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் போட்டபோது பட்டாளத்தோடு வந்து இறங்கிய தமிழர்களின் பேரன் பேத்திகள்தான் அந்தத் தெருவில் பாதிப் பேர். மீதிப் பாதி தொழிற்சாலைக்காரர்கள். எங்கள் அப்பா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எதிர் வீட்டு மாமா தூரவாணி நகர் ஐ.டி.ஐ.-இல் டெலிபோன் செய்கிறவர். மூலை வீட்டில் தையல்கார பாய் குடும்பம். குழாயை ஒட்டிய வீட்டில் ஒரு நாயக்கின் மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு. நாயக் என்றால் சாதிப் பெயர் இல்லை, பட்டாளத்துப் பதவி. மெட்ராஸ் சப்பர்ஸ் என்று ஊர் சொல்லும் எம்.இ.ஜி.-யின் தலைமையகம் அல்சூர் ஏரிப் பக்கம்தான். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததைத் தோண்டி எடுப்பது அவர்கள் வேலை. அந்த அக்காவை நாங்கள் 'நாயக் வீட்டு அக்கா' என்றே கூப்பிட்டோம். சொந்த ஊர் வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்புகிற ஊர் என்பதால் அதற்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு.

டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை. கார்த்திகை தீபம் அப்போதுதான் முடிந்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு அகல்கள் திண்ணை ஓரத்திலேயே கிடந்தன. பொழுது சாயும் நேரத்தில் பாகிஸ்தான் விமானங்கள் வடமேற்கே நம் விமானத் தளங்களைத் தாக்கின. கல்கத்தாவில் இருந்த இந்திரா காந்தி டெல்லிக்குத் திரும்பி, நள்ளிரவு தாண்டி வானொலியில் பேசினார். அந்த முற்றத்தில் ரேடியோ இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். மர்பி ரேடியோ. அதன் பச்சைக் கண்ணைச் சுற்றி எல்லாக் குடித்தனமும் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்பா தன் ஃபேக்டரி இங்கிலீஷில் புரிந்ததைத் தமிழில் சொன்னார். எதிர் வீட்டு மாமா அதைக் கன்னடத்தில் சொன்னார். பாய் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து இருட்டடிப்பு. ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டச் சொன்னார்கள். கடைகளில் கறுப்புத் தாள் தீர்ந்துபோனதும் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புத் தாளில் மசி பூசி ஒட்டினோம். மைதா மாவைக் காய்ச்சிப் பசை கிண்டியது அம்மா, தாளைப் பிடித்தது நான். அந்தப் பசையைத் தின்ன ராத்திரியெல்லாம் கரப்பான் வரும். பஸ், லாரி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் முகப்பு விளக்கில் மேல்பாதி கறுப்பு. பள்ளிக்கூட மைதானத்தில் பதுங்குகுழி வெட்டினார்கள். மழை நின்று நாளாகாத செம்மண் என்பதால் கரை இடிந்து இடிந்து விழுந்தது. குண்டு விழும் சத்தம் கேட்டால் குப்புறப் படுக்க வேண்டும், முழங்கையை ஊன்ற வேண்டும், நெஞ்சு தரையில் படக் கூடாது, காதில் பஞ்சு, பல்லுக்கு நடுவில் துணி. டீச்சர் சொல்லிக் கொடுத்த இந்தப் பாடத்தை மட்டும் வகுப்பில் ஒருவர்கூட மறக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பௌர்ணமி முடிந்த மறுநாள் தொடங்கிய போர் அது. தெருவிளக்கை அணைத்து, வீட்டு விளக்குக்குக் குல்லாய் போட்டு, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, கிழக்கே நிலா தாம்பாளம் மாதிரி ஏறி வந்தது. அல்சூர் ஏரி முழுக்கப் பளபளவென்று வெளிச்சம். "இதுக்கு எவன்டா தாள் ஒட்டறது?" என்று எங்கள் ஆயா கேட்டாள். விளக்கு அணைந்ததா என்று பார்க்க வார்டனாக வந்த பையன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அன்றைக்கு முற்றமே சிரித்தது.

ஆயாவுக்குச் சிரிக்க உரிமை இருந்தது. பயத்தில் அவள் மூத்தவள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்தபோது அவள் ராயபுரத்தில் கைக்குழந்தை. அவளைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா பூந்தமல்லி வரைக்கும் நடந்தாளாம். 1942-இல் அவளுக்கே கையில் குழந்தைகள். ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டான். அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊர் முடிவு கட்டியது. வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. அலுவலகங்கள் உள்நாட்டுக்குப் போயின. கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டு வாடகை பாதியாகியும் குடிவர ஆளில்லை. ஆயா பித்தளைப் பாத்திரங்களைக் கிணற்றில் இறக்கிவிட்டு, பிள்ளைகளை ரயில் ஜன்னல் வழியாக உள்ளே தள்ளி, பெங்களூரில் இருந்த தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கடல் இல்லாத ஊர், கப்பல் வராத ஊர், தப்பித்தோம் என்று நினைத்தாள்.

வந்து பார்த்தால் இங்கே விமானத் தொழிற்சாலை. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் சமஸ்தானத்தோடு சேர்ந்து தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், பின்னாளைய எச்.ஏ.எல். 1943-இல் அதை அமெரிக்க விமானப்படை எடுத்துக்கொண்டு, பர்மா, சீனப் போர்முனைகளில் அடிபட்ட விமானங்களை இங்கே கொண்டுவந்து பழுது பார்த்தது. மெட்ராஸில் வேலையை விட்டு வந்த தாத்தாவுக்கு அங்கேதான் வேலை கிடைத்தது. தாத்தாவுக்குப் பிறகு அப்பா. போருக்குப் பயந்து ஓடிவந்த குடும்பம் இரண்டு தலைமுறையாகப் போர் விமானத்தில் ரிவெட் அடித்துச் சோறு தின்றது. ஆயா இதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

எச்.ஏ.எல். சங்குதான் எங்களுக்கு அதுவரை கடிகாரம். காலைச் சங்குக்குப் பால் காய்ச்ச வேண்டும், அடுத்த சங்குக்கு அப்பா சைக்கிளை வெளியே எடுக்க வேண்டும், மாலைச் சங்குக்கு அம்மா டீக்கு அடுப்பு மூட்டுவாள். காற்று வாட்டமாக அடித்தால் அல்சூர் வரைக்கும் கேட்கும். போர் தொடங்கிய வாரத்தில் ஊரில் எந்தச் சங்கு ஊதினாலும் அம்மா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எங்களை எண்ணுவாள். நேரத்தைச் சொன்ன சத்தம் இப்போது நேரம் வந்துவிட்டதோ என்று கேட்க வைத்தது.

சண்டை வடக்கே நடக்கிறது, தெற்கே ஏன் இவ்வளவு பயம் என்று இன்றைக்கு யாரும் கேட்கலாம். எங்களுக்கு அதற்குக் காரணம் இருந்தது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்திப் பேர் வாங்கிய நேட் விமானங்கள் எங்கள் அப்பாக்கள் பூட்டியவை. குர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர் வந்து வடிவமைத்து, 1961 ஜூன் 17-ஆம் தேதி முதன்முதலாக இங்கே பறந்த மாருத், இந்த 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் பறந்துகொண்டிருந்தது. அப்படியானால் எதிரி முதலில் எங்கே குண்டு போடுவான்? கூடு எங்கே இருக்கிறதோ அங்கேதான். இதைச் சொல்லும்போது எங்கள் தெரு ஆம்பிளைகள் குரலில் நடுக்கம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அப்பா மட்டும் கணக்குப் போட்டுக் காட்டினார். என் பள்ளி அட்லஸை விரித்து, ஸ்கேலை வைத்து, "கராச்சியிலிருந்து இங்கே ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேலே. சேபர் வந்தாலும் திரும்பிப் போக எண்ணெய் இருக்காது" என்றார்.

"திரும்பிப் போவேன்னு உங்கிட்ட சொன்னானா?" என்றாள் ஆயா.

அதற்குமேல் அட்லஸுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனாலும் ராத்திரி ஏதாவது விமானச் சத்தம் கேட்டால் முற்றமே அப்பாவின் முகத்தைத்தான் பார்க்கும். அவர் கண்ணை மூடிக் காதைக் கொடுப்பார். எந்த எஞ்சின், எத்தனை உயரம் என்று அந்தக் காதுக்குத் தெரியும். "நம்மளுது" என்பார். அந்த ஒரு வார்த்தையில் பிள்ளைகள் தூங்கிப் போவார்கள். அப்பா இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எச்.ஏ.எல். பக்கம் போகும்போது தலைக்கு மேல் தேஜஸ் விமானம் போனால் இன்றும் யாராவது "நம்மளுது" என்று சொல்ல மாட்டார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

இது பிள்ளைகளும் ஆம்பிளைகளும் வைத்திருந்த பயம். வானத்தைப் பார்க்கிற பயம். பேசினால் தீர்கிற பயம். இதைத் தவிர அந்த முற்றத்தில் இன்னும் இரண்டு பயங்கள் குடியிருந்தன. அவை பேசாது.

ஒன்று, பாய் வீட்டுப் பயம். பாய் எம்.இ.ஜி.-க்கும் எச்.ஏ.எல்.-க்கும் சீருடை தைத்துக் கொடுத்தவர். அவர் தந்தை பிரிட்டிஷ் பட்டாளத்துக்குத் தைத்தவர். ஆனாலும் அந்த டிசம்பரில் அவர் மாலைத் தொழுகைக்குப் போய்த் திரும்பும்போது திண்ணையில் பேச்சு நிற்கும். ஒரு ராத்திரி அவர் வீட்டுக் கூரை ஓட்டு இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது. வேறு வீடாக இருந்தால் "விளக்க அணைங்கடா" என்று ஒரு சத்தத்தோடு முடிந்திருக்கும். அன்றைக்குத் தெருமுனைப் பையன்கள் நாலு பேர் வந்து, "யாருக்கு சிக்னல் காட்டறீங்க?" என்று கேட்டார்கள். பாய் பதில் சொல்லவில்லை. பாயம்மா உள்ளேயிருந்து விளக்கை அணைத்தார். அது பிரசவமாகிப் பத்து நாளான மகளுக்காக ஏற்றிவைத்த சிம்னி விளக்கு.

நாயக் வீட்டு அக்காதான் வெளியே வந்தாள். பையன்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வீட்டில் மிச்சமிருந்த தாளையும் பசைக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்குள் போனாள். ஸ்டூல் மேல் ஏறி அந்த இடுக்கை அடைத்தாள். பிறகு அந்த விளக்கை அவளே ஏற்றினாள். வெளியே வந்து, கை கழுவிவிட்டு, "பச்சப் புள்ள இருக்குது, சத்தம் போடாதீங்க" என்றாள். புருஷன் எல்லையில் இருக்கிறவள் சொன்னதும் பையன்கள் கலைந்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து பாய் எங்கள் வீட்டு ரேடியோவுக்குச் செய்தி கேட்க வரவில்லை. அக்கா போய்க் கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

இன்னொரு பயம் அக்காவுடையது. அவளுக்கு எழுதப் படிக்க வராது. அவள் சொல்லச் சொல்ல இன்லண்ட் லெட்டரில் எழுதிக் கொடுப்பது என் வேலை. விலாசத்தில் ஊர் இருக்காது, மாநிலம் இருக்காது. நம்பர், பதவி, பெயர், கம்பெனி, கீழே '56 ஏ.பி.ஓ.' என்று மட்டும். நானும் அவள் மூத்த பையனும் அட்லஸில் 56 ஏ.பி.ஓ.-வைத் தேடியிருக்கிறோம். பஞ்சாபிலும் காஷ்மீரிலும் எத்தனையோ ஊர்கள் இருந்தன, அது மட்டும் இல்லை. எங்கே இருக்கிறான் என்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காகக் கட்டிய மனைவிக்கும் தெரியாமல் வைத்திருக்கிற ராணுவத் தபால் ஏற்பாடு அது.

"நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கச் சொல்வாள். பிறகு, குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. சின்னவனுக்குச் சளி, இப்போது தேவலை. ஊரில் உன் அம்மா கடலை பிடுங்கியாயிற்றாம், மூன்று மூட்டை தேறியதாம். போன மழையில் ஒழுகிய ஓட்டை மாற்றிவிட்டேன், ஆறு ரூபாய் கேட்டான், நாலரை கொடுத்தேன். இப்படியே மடிப்பு மடிப்பாக நிரம்பும். ரேடியோ தினமும் அலறிக்கொண்டிருந்த அந்தப் போர் அவள் கடிதத்துக்குள் வரவேயில்லை.

ஒரு தடவை நானாக, "ஜாக்கிரதையாக இருக்கவும்" என்று ஒரு வரி சேர்த்தேன். படித்துக் காட்டியதும் அக்கா பேனாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத அடிச்சிடு கண்ணு."

"ஏன் அக்கா?"

"வெடியில கை வெச்சிருக்கற ஆளு. நான் பயந்துக்கினு இருக்கேன்னு தெரிஞ்சா கை ஆடும்."

அந்த வரியின் மேல் நாலு கோடு போட்டு அடித்தேன். அப்படியும் எழுத்து தெரிகிறது என்று சொல்லி, புது லெட்டர் வாங்க என்னை ஓட வைத்தாள்.

பகலில் அவள் வானத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. அவள் காது எப்போதும் தெருவில் இருக்கும். தந்திக்காரனின் சைக்கிள் மணிக்கு. தபால்காரர் மணி வேறு, தந்திக்காரர் மணி வேறு என்று அந்த வாரங்களில்தான் எனக்குத் தெரிந்தது. தபால்காரர் ஒவ்வொரு வீடாக நின்று நின்று வருவார். தந்திக்காரர் நிற்காமல் வருவார். நிற்பது ஒரே வீட்டில். அவர் தெருவில் திரும்பிவிட்டால் அம்மிச் சத்தம் அடங்கும், குழாயடியில் குடம் நிரம்பி வழியும், எடுக்க யாரும் குனிய மாட்டார்கள். அல்சூரிலும் பக்கத்து மர்பி டவுனிலும் எந்தெந்த வாசலில் சப்பர் குடும்பம் இருக்கிறதோ அந்த வாசல்களெல்லாம் ஒரே நேரத்தில் ஊமையாகும்.

ஒரு மதியம் சைக்கிள் எங்கள் முற்றத்து வாசலிலேயே நின்றது. காக்கிச் சட்டை உள்ளே வந்து கதவு எண்ணைப் பார்த்தது. அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் அவள் மடியில் அப்படியே இருந்தது. தந்தி எதிர் வீட்டு மாமாவுக்கு. ஜோலார்பேட்டையில் இருந்த அவருடைய வயதான அம்மா இறந்துவிட்டார். மாமி 'ஐயோ' என்று கத்தியதும் எல்லோரும் அந்த வீட்டுக்கு ஓடினோம். அக்கா எழுந்து தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் விக்கி விக்கி அழுத சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, மாமி வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோறு போட்டாள். ராத்திரி எங்கள் அம்மாவிடம், "அடுத்த வூட்டு சாவுன்னு தெரிஞ்சதும் உசுரு வந்துச்சுக்கா. நான் மனுஷியா?" என்று கேட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறென்ன சொல்ல முடியும்?

டிசம்பர் 16 மாலை டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடைந்தார். 93,000 பேர் கைதிகள் என்று பிறகு சொன்னார்கள். மறுநாள் இரவு எட்டு மணிக்கு மேற்கிலும் சண்டை நின்றது. மார்கழி பிறந்திருந்தது. கோயிலில் விடியற்காலைப் பாட்டு தொடங்கியிருந்தது. நிலா தேய்ந்து அமாவாசையாகி உண்மையான இருட்டு வந்த அன்று தெருவிளக்கு மறுபடி எரிந்தது. பையன்கள் பட்டாசு வெடித்தார்கள். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துக் கறுப்புத் தாளை உரித்தோம். பசைக் கறை அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வரை போகவில்லை. அக்கா எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தாள். ஆனால் முற்றத்தில் அவள் ஒருத்தி மட்டும் சிரிப்பில் சேரவில்லை.

காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. ஷகர்கர் முனையில் பசந்தர் ஆற்றைக் கடக்க டாங்கிகளுக்குக் கண்ணிவெடி வயலுக்குள் வழி திறந்துவிட்டவர்களில் மெட்ராஸ் சப்பர்ஸின் 9-வது ரெஜிமென்ட் முன்னால் நின்றது. போர் நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் ராத்திரியில் நடந்த வேலை அது. துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகும் சப்பருக்கு ஓய்வில்லை. இரண்டு பக்கமும் புதைத்து வைத்ததையெல்லாம் யாராவது கையால் தடவி எடுக்க வேண்டும். ஊருக்குப் போர் பதினான்கு நாளில் முடிந்தது. அக்காவுக்கு அது அடுத்த கோடையில் நாயக் லீவில் வந்து டிரங்குப் பெட்டியைத் திண்ணையில் இறக்கிய அன்றுதான் முடிந்தது. அன்றைக்கு அவள் அவரிடம் முதலில் சொன்னது ஓடு மாற்றியவனுக்குக் கொடுத்த நாலரை ரூபாயைப் பற்றி.

அந்த முற்றம் இப்போது இல்லை. அங்கே அடுக்குமாடியும் கீழே மருந்துக் கடையும் இருக்கின்றன. 2011-இல் மெட்ரோ வந்தது, பஜார் பக்கம் பல பழைய வாசல்கள் காணாமல் போயின. 2008-இல் எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து பயணிகள் விமானமெல்லாம் தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. இதற்கெல்லாம் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஒரே குழாயில் வரிசை நின்றவளுக்கு அந்த வாழ்க்கை திரும்பி வர வேண்டும் என்று ஆசை வராது. நான் ஏங்குவது அந்தப் பெண்களுக்காக. பயப்படத் தெரிந்தவர்கள் அவர்கள். எதற்குப் பயப்பட வேண்டும், அதை எங்கே வைக்க வேண்டும், யார் காதில் விழக் கூடாது என்று தெரிந்திருந்தது. அந்தப் பயத்தால் அவர்கள் யாரையும் மிரட்டவில்லை, யாரையும் சந்தேகப்படவில்லை. பக்கத்து வீட்டு இடுக்கை அடைக்கப் போனார்கள்.

2025 மே 7 மாலை பெங்களூரில் மறுபடி சங்கு ஊதியது. அன்று அதிகாலை நம் படைகள் எல்லைக்கு அப்பால் தாக்கியிருந்தன. நாடு முழுக்க சிவில் டிஃபென்ஸ் ஒத்திகை. அல்சூர் ஏரிப் பக்கமும் ஒத்திகை நடந்தது. எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் பால்கனிக்கு வந்து செல்போனில் படம் எடுத்தார்கள். அந்த வார ராத்திரிகளில் டிவியைத் திருப்பினால் ஸ்டூடியோவிலேயே கராச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குடியிருப்பு வாட்ஸ்அப்பில் இன்னும் இரண்டு நாள் அடித்திருக்கலாமே என்று மே 10 போர் நிறுத்தத்துக்கு வருத்தம் தெரிவித்தார்கள். தெருமுனைப் பையன்கள் கேட்ட அதே "யாருக்கு சிக்னல்?" கேள்வியும் அதில் இருந்தது. இப்போது கேட்டவர்கள் படித்துப் பெரிய வேலையில் இருப்பவர்கள். ஸ்டூலும் பசைக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு போக யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தக் குழுவில் யார் வீட்டிலிருந்தும் ஒருவர்கூட எல்லையில் இல்லை.

எங்கள் 1971 பயத்தைப் பெரிதாகச் சொல்ல எனக்கே கூச்சம்தான். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நம் சனங்கள் வீட்டு முற்றத்திலேயே பதுங்குகுழி வெட்டி, பனங்குற்றி அடுக்கி, வருஷக்கணக்கில் பிள்ளைகளோடு அதில் இறங்கி ஏறினார்கள். அவர்கள் தலையில் உண்மையாகவே குண்டு விழுந்தது. பெங்களூரில் விழவில்லை. அப்பாவின் அட்லஸ் கணக்கு கடைசி வரை சரியாகவே இருந்தது. ஆனால் போர் எங்கே நடந்தாலும் அதன் கணக்கு யாரோ ஒரு பெண்ணின் வாசலில்தான் தீர்க்கப்படுகிறது. இதை அல்சூர் அறிந்து வைத்திருந்தது, இன்றைய பெங்களூர் அறியவில்லை. வானத்தைப் பார்த்துக் கூச்சலிடுகிற ஊராக நாம் மாறிவிட்டோம் என்பது என் தீர்மானம்.

போரில் இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறோம். அது நியாயம். காத்திருந்தவர்களுக்குக் கல் கிடையாது. 1965-ஐயும் 1971-ஐயும் வாசற்படியில் உட்கார்ந்து கடந்த பெண்கள் அல்சூரிலும் மர்பி டவுனிலும் கம்மவான்பேட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள். எழுபது எண்பதைத் தாண்டியவர்கள். இன்னொரு போர் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும்போது அவர்களில் ஒருவரிடம் போய் உட்காருங்கள். என்ன எழுதச் சொன்னார், எதை அடிக்கச் சொன்னார் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அதற்கு இன்னும் சில வருஷங்கள்தான் இருக்கின்றன.